இருபத்தெட்டாவது குச்சி

பாட்டிலின் மூடியைத் திறந்ததும் ஜெயபாலுக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். யமுனைக் கரையில் ஒன்றரை வருஷமாக நின்று நின்று அவன் மூக்குக்குத் தெரியாத நாற்றம் கிடையாது. சாக்கடை, சோப்பு நுரை, சாயத் தண்ணீர், அழுகின சாமந்தி மாலை, செத்த எருமை என்று கண்ணை மூடிக்கொண்டே பிரித்துச் சொல்வான். மூன்றாம் பாத்தியின் மதகில் அன்று காலை பிடித்த தண்ணீரில் அது எதுவும் இல்லை. பால் வாசனை அடித்தது. காய்ச்சின பால் இல்லை, பாக்கெட் பாலும் இல்லை. குடித்து முடித்த கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டும்போது வாயோரம் வழியுமே, அந்த லேசாகப் புளித்த, இளஞ்சூட்டு வாசனை. வெளியே டிசம்பர் மூடுபனியில் கை விறைத்துக்கொண்டிருந்தது; பாட்டில் மட்டும் உள்ளங்கையில் வெதுவெதுப்பாக இருந்தது.

அதை மூடி, துடைத்து, தேதி எழுதி, ஐஸ் பெட்டிக்குள் வைத்தான். இது நான்காவது. முதல் மூன்று பாட்டில்களும் பரிசோதனைக் கூடத்திலிருந்து திரும்பி வந்துவிட்டன. "மாதிரியில் பால் கலந்துள்ளது, முறையாக எடுத்து அனுப்பவும்" என்று மூன்று தடவையும் ஒரே வாசகம். போன் போட்டுக் கேட்டால் அந்தப் பக்கம் இருந்தவன் சிரிக்கிறான். டீக்கு வைத்த பாலை ஆற்றுத் தண்ணீரில் கொட்டிவிட்டீர்களா பாய் சாப் என்று கிண்டல் வேறு. ஜெயபாலுக்கு அந்தப் போனையே தூக்கி நாலாச் சாக்கடையில் எறியலாம் போல இருந்தது.

திட்டம் என்னவோ நல்ல திட்டம்தான், அதில் அவனுக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. காலனிகளிலிருந்து வருகிற நாலாவின் கறுப்புத் தண்ணீரை நேராக ஆற்றில் விடாமல், கரையோரம் வெட்டின ஐந்து பெரிய பாத்திகளுக்குள் திருப்ப வேண்டும். கூழாங்கல், மணல், கோரை, நாணல் என்று அது மெல்ல ஊர்ந்து வருவதற்குள் வேர்கள் அழுக்கைத் தின்றுவிடும். மதகு வழியாக வெளியே வரும்போது மீன் வளர்க்கலாம். சிமெண்டுச் சுவர் கிடையாது. மேலே ஜனங்கள் நடக்க ஒரு பலகைப் பாதை, கொக்கு நாரை பார்க்க ஒரு மேடை, அவ்வளவுதான். நான்கு பாத்திகளில் தண்ணீர் தெளிந்துவிட்டது. திறப்பு விழாவுக்கு இன்னும் ஐந்தே நாள். இந்த மூன்றாம் பாத்தி மட்டும் பால் நாறிக்கொண்டு அவன் மானத்தை வாங்கியது.

யாரோ பூஜைக்காரர்கள் வந்து ஊற்றுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தான். டெல்லியில் ஆற்றைக் கண்டால் எதையாவது போடாமல் போக யாருக்கும் மனசு வராது. அதனால் வலை கட்டினான், பலகை எழுதி வைத்தான், காவலுக்கு தரம்பால் என்கிற ஹரியானாக்காரனைப் போட்டான். மூன்று நாள் ஆயிற்று. ஒரு ஈ காக்கை வரவில்லை சாப் என்று தரம்பால் சத்தியம் செய்தான். நான்காம் நாளே, சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல் அந்தப் பாத்திப் பக்கம் நிற்க மாட்டேன், வேறு இடம் கொடுங்கள் என்று கேட்டான். ஏன் என்றதற்கு மப்ளரை இழுத்துக் காதை மூடிக்கொண்டான்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸின் மூன்றாவது மாடியில் மனைவி மஹாலட்சுமியும் நான்கு மாதக் குழந்தையும் இருந்தார்கள். ஏழு வருஷம் காத்திருந்து, மலை மந்திர் முருகன் கோயில் படியெல்லாம் முட்டி தேய ஏறி, பிறந்த பிள்ளை. பன்னிரண்டு நாளாக மஹாலட்சுமிக்குப் பால் இல்லை. டிஸ்பென்சரி டாக்டரம்மா டென்ஷன் என்றார். பூண்டுக் கஞ்சி ஆயிற்று, ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அலைந்து வாங்கி வந்த பால்சுறாவும் ஆயிற்று. பவுடர் பாலைக் குழந்தை துப்பியது. ஊட்டினால் மூக்கு வழியாக வாந்தி எடுத்தது. தொடை இரண்டும் தொளதொளவென்று ஆகிவிட்டன. அழுகையும் நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டு வந்தது, அதைத்தான் ஜெயபாலால் தாங்க முடியவில்லை.

அன்று அவன் வீடு வந்தபோது அவள் விளக்குப் போடாமல் தூளிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய பழைய பச்சைச் சுங்குடிப் புடவைதான் தூளி. ஓரத்தில் இஸ்திரிப்பெட்டி பட்டுக் கருகின ஒரு முக்கோணத் தடம் இருக்கும். அது வெளியே தெரியாமல் எப்போதும் உள்பக்கமாக மடித்துக் கட்டுவாள்.

"பாலே இல்லாம இல்லங்க" என்றாள் மெதுவாக. "சாயங்காலம் அஞ்சு மணியானா மாரு கட்டிக்கிது, கல்லாட்டம் வலிக்குது. பாப்பாவ எடுத்து மடியில போடறதுக்குள்ள யாரோ குடிச்சிட்டுப் போன மாதிரி காலியாயிடுது."

என்ன உளறுகிறாய் என்று சொல்ல வாய் திறந்தவன் விளக்கைப் போட்டான். சுவரில் காலண்டர் தொங்கியது. டிஸ்பென்சரிக்கு முதலில் போன தேதியை அவள் பேனாவால் வட்டம் போட்டிருந்தாள். அதற்கு முந்தின நாளில் அவன் கையெழுத்தில் வேறொரு வட்டம் இருந்தது. மூன்றாம் பாத்தியில் தண்ணீர் விட்ட நாள். தற்செயல்தான் என்று சொல்லிக்கொண்டு சட்டையைக் கழற்றினான். சட்டையில் பால் வாசனை வந்தது.

மறுநாள் அஞ்சு மணிக்கு அவனே போய் நின்றான். சூரியன் எங்கே இருக்கிறது என்றே தெரியாத சாயங்காலம். புகையும் பனியும் சேர்ந்து ஆற்றின் அக்கரையையும் பாலத்தையும் விழுங்கிவிட, பாலத்தின் மேல் போகிற வண்டிகளின் இரைச்சல் மட்டும் எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது. பலகைப் பாதையில் அவன் நடக்க நடக்க ஆணிகள் கிறீச்சிட்டன. ஒன்றும் இரண்டும் பாத்திகளில் கோரை பனியில் காய்ந்து பழுப்பாகத் தலை சாய்ந்து கிடந்தது, குளிர்காலத்தில் அப்படித்தான் கிடக்கவேண்டும். மூன்றாவதில் மட்டும் ஆள் உயரத்துக்குக் கொழுகொழுவென்று பச்சையாக நின்றது. பெரிய சார் சதுர்வேதி இதைப் பார்த்துவிட்டு, மற்ற நான்கையும் இதைப் போல வளர்க்க உனக்கென்ன கேடு என்று அவனைத்தான் திட்டினார். எதைத் தின்று இப்படி வளர்கிறது என்று அவர் கேட்கவில்லை.

பாலத்து இரைச்சல் குறைந்தது. குறைந்ததா, அவன் காதுதான் வேறு எதையோ கேட்கத் தொடங்கிவிட்டதா என்று அவனுக்குத் தெரியவில்லை. கோரைக்குள்ளிருந்து ஒரு சத்தம். தவளை இல்லை. மதகு இல்லை. ச்சப், ச்சப் என்று ஒன்று. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அப்புறம் பாத்தி முழுக்க. நடுவில் மூச்சு வாங்க நிறுத்தி, மறுபடி ஆவலாய் இழுக்கிற சத்தம். நான்கு மாதமாக வீட்டில் அவன் தினமும் கேட்டு, பன்னிரண்டு நாளாகக் கேட்காமல் ஏங்குகிற அதே சத்தம்.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. மஹாலட்சுமி. இப்ப போகுதுங்க, இப்பத்தான் போகுது என்று மட்டும் சொல்லி அழுதாள். அவன் கீழே பார்த்தான். கோரைத் தண்டுகளுக்கு நடுவே தண்ணீர் வெளுத்துக்கொண்டு வந்தது.

அடுத்த நாள் காலை வேலையாட்கள் வந்ததும் அவன் கோபமெல்லாம் பவுனு மேல் பாய்ந்தது. பவுனுக்கு ஐம்பது வயசு இருக்கும், சின்னசேலத்துக்காரி. முப்பது வருஷம் இதே கரையில் ஜுக்கி என்கிற குடிசையில் இருந்தவள். ஜுக்கிகளைக் காலி பண்ணி ஊர்க்கோடிக்கு அனுப்பின பிறகு, இரண்டு பஸ் மாறி இங்கேயே கோரை நடும் கூலிக்கு வருகிறாள். மற்ற நான்கு பாத்தியிலும் இறங்கிக் களை எடுப்பாள், மூன்றாவதில் மட்டும் கால் வைக்க மாட்டாள். பேச்சுத் துணைக்குத் தமிழ் இருக்கிறதே என்று இத்தனை நாள் விட்டிருந்தான். இன்று விடவில்லை. விழாவை வைத்துக்கொண்டு ஆளாளுக்கு இப்படி அடம் பிடித்தால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது என்று கத்தினான்.

"கூலிய வேணா புடிச்சிக்குங்க சார், அதுல மட்டும் எறங்க மாட்டேன்" என்றாள் அவள். பிறகு ஆற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அங்க துணி கட்டி நட்டிருந்த குச்சியெல்லாம் என்ன சார் பண்ணீங்க?"

எந்தக் குச்சி என்று அவனுக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கினபோது அலட்சியமாகத்தான் இருந்தது. அளவுக்குச்சிகளைச் சொல்கிறாள். நிலம் அளக்கிறவர்கள் புல்லுக்குள் தெரியட்டும் என்று குச்சி நட்டு அதன் தலையில் வண்ணத் துணி கட்டுவது எங்கும் உள்ள வழக்கம். இவனுக்கு முன்னால் இந்த வேலையை எடுத்த கம்பெனி பாதியில் ஓடிப்போயிருந்தது. இவன் வந்து பார்த்தபோது, வெள்ளம் ஏறுகிற கோட்டுக்கு ஒரு முழம் மேலே, கரையின் வளைவு பிசகாமல் வரிசையாகக் குச்சிகள் நின்றன. எவனோ கெட்டிக்காரன் அளந்திருக்கிறான் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டு, ஒவ்வொரு குச்சியிலும் நிலம் அளக்கிற கருவியை வைத்துப் புள்ளி எடுத்தான். அந்தப் புள்ளிகளின் மேல்தான் மூன்றாம் பாத்தியின் எல்லையைப் போட்டான். பிறகு குச்சிகளைப் பிடுங்கிக் கட்டி, ஜேசிபியை இறக்கினான்.

"அது எங்க புள்ளைங்க சார்" என்றாள் பவுனு.

அவள் அழவில்லை, சத்தம் போடவில்லை. சும்மாடு சுற்றுகிற துணியை விரலில் சுற்றி அவிழ்த்தபடி, கூலி விவரம் சொல்வதுபோலச் சொன்னாள். பால்குடி மறக்காத குழந்தையை எரிக்கிறதில்லை, புதைக்கிறதுதான். வயிற்றுப்போக்கிலும் காய்ச்சலிலும் வருஷத்துக்கு ஒன்றிரண்டு ஜுக்கியில் போய்க்கொண்டே இருந்தன. வெள்ளம் தொடாத இடமாகப் பார்த்து மணலில் வைத்து, அந்தந்தத் தாயின் புடவையில் ஓர் ஓரம் கிழித்துக் குச்சியில் கட்டிவிடுவார்கள். எது தன்னுடையது என்று அவளுக்குத் தெரியவேண்டுமே.

"பெத்த ஒடம்புக்குப் புள்ள செத்தது தெரியாதுங்க சார். பால் பாட்டுக்கு வரும். செவுத்துல பீச்சறதா, சாக்கடையில உடறதா? வூட்டு வேலை முடிச்சி அஞ்சு மணிக்கு வருவோம், அவங்கவங்க குச்சிக்கிட்ட உக்காந்து பீச்சிட்டுப் போவோம், பால் நிக்கிற வரைக்கும். எந்த மாரு தன்னுதுன்னு அதுங்களுக்கும் அடையாளம் இருந்திச்சி. நீங்க எல்லாத்தையும் புடுங்கிட்டீங்க. இப்ப கெடைக்கிற மாருல வாய் வெக்குதுங்க."

ஜெயபால் பலகையில் உட்கார்ந்துவிட்டான். ஜேசிபிக்காரன் ஒரு நாள் வண்டியை நிறுத்திவிட்டு வந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினது ஞாபகம் வந்தது. சின்னதாக ஓர் எலும்பு, இரண்டு விரல் நுழையாத ஒரு கறுப்பு வளையல். ஆட்டு எலும்பு என்று சொன்னான் ஜெயபால். மழை வருமுன் தோண்டி முடி, ஜல்தி என்றான். ஆட்டுக்கு வளையல் எதற்கு என்று அவன் யோசிக்காமல் இல்லை. யோசித்தான். அப்புறம் யோசிக்காமல் விட்டுவிட்டான்.

அரசாங்கத்தில் உத்தரவு இல்லாமல் ஒரு துரும்பைக்கூடத் தூக்கி எறிய முடியாது. அந்த ஒரு சனியன் பிடித்த வழக்கம் அன்று அவனைக் காப்பாற்றியது. கொட்டகையின் மூலையில் குச்சிக்கட்டு அப்படியே இருந்தது. பவுனு சிமெண்டுத் தரையில் பரப்பி ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். இருபத்தேழு. நாங்கள் வைத்ததும் இருபத்தேழுதான், எல்லாம் இருக்கிறது, பழைய இடத்திலேயே நட்டுவிடுங்கள், அடங்கிவிடும் என்றாள். இடம் தெரியும், கருவியில் புள்ளி இருக்கிறது என்று சொல்லி அவன் வரைபடத்தை விரித்தான்.

வரைபடத்தில் இருபத்தெட்டு.

கொக்கு பார்க்கிற மேடைக்குக் கீழே, கரை திரும்புகிற மூலையில் அந்த இருபத்தெட்டாவது புள்ளி இருந்தது. பார்த்த மாத்திரத்தில் ஞாபகம் வந்துவிட்டது. கடைசிக் குச்சிக்கும் கரைக்கும் நடுவே இடைவெளி விழுந்து, எல்லைக்கோடு மூடாமல் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணியது. தரைக்குப் போய்ப் பார்க்கச் சோம்பல்பட்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே, இங்கேயும் ஒரு குச்சி இருந்ததாக ஒரு புள்ளியைத் தட்டிக் கையெழுத்தும் போட்டான். எல்லோரும் செய்கிற வேலைதான். அப்போது மஹாலட்சுமி உண்டாகிக்கூட இருக்கவில்லை.

சொன்னதும் பவுனு முகம் மாறியது. "புள்ள இல்லாத எடத்துல எதுக்கு சார் குறி வெச்சீங்க? எங்கள்ல குழி வெட்டிட்டா வெறுமனே உடறதில்ல. அத மொதல்ல அடிச்சிடுங்க."

அவனுடைய ஊரான ஆத்தூரிலும் அப்படித்தான். பிணம் வரத் தாமதமானால் வெட்டியான் குழியைத் தனியே விட்டு நகர மாட்டான்; வெறும் குழி ஆள் கேட்கும் என்பார்கள். ஜெயபாலுக்கு அதெல்லாம் தெரியும்.

கருவியில் அந்தப் புள்ளியை அழிக்கப் பார்த்தான். பூட்டப்பட்ட கோப்பு என்று வந்தது. அலுவலகத்துக்கு ஓடினான். சதுர்வேதி விழா அழைப்பிதழில் பெயர் வரிசையைத் திருத்திக்கொண்டிருந்தார். ஒரு புள்ளியை எடுக்கவேண்டும் சார் என்றான். அவர் நிமிரவே இல்லை. வரைபடம் கமிட்டியில் பாஸானது, ஒரு புள்ளியைத் தொட்டால் முழுதும் திரும்பப் போகும், மூன்று வாரம் ஆகும், விழா முடியட்டும் என்றார். தப்பான புள்ளி சார், தரையில் அப்படி எதுவும் இல்லை என்றான். மெல்லப் பேசு என்று கதவைப் பார்த்தார். பிறகு மேஜையிலிருந்து ஒரு காகிதத்தைத் தள்ளினார். வேலை முடிந்ததற்கான சான்று. வரைபடத்தில் காட்டியுள்ள எல்லாப் புள்ளிகளும் தரையில் உள்ளன என்று நான் உறுதி கூறுகிறேன், கீழே அவன் பெயர். இதில் கையெழுத்துப் போடு, சாயங்காலம் மூன்றாம் பாத்தியில் நீ எதை வேண்டுமானாலும் செய், நான் கேட்கமாட்டேன். போடாவிட்டால் பாத்திப் பக்கமே போகக்கூடாது என்றார்.

அவனுக்குத் தலை கொதித்தது. ஒரு புள்ளி. எறும்பு மிதித்த அளவுக்கு ஒரு புள்ளி. அதை அழிக்க இந்த ஊரில் வழியில்லை.

போன் வந்தது. மஹாலட்சுமி நேற்றே குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய் ட்ரிப்ஸ் ஏற்றி வந்திருந்தாள். நாளைக்கும் குடிக்காவிட்டால் சேர்த்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"மத்தியானத்துலேர்ந்து பாப்பா அழக்கூட மாட்டேங்கறான்ங்க" என்றாள். "கண்ண மட்டும் தொறந்து தொறந்து பாக்கறான். நீங்க வாங்க."

மணி மூன்றரை. ஜெயபால் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டான். படிக்கவில்லை. படித்து என்ன ஆகப்போகிறது?

நாலரைக்கு அவனும் பவுனும் பாத்திக்குள் இறங்கினார்கள். முழங்கால் வரை தண்ணீர். மேலே குளிர் எலும்பைக் கடிக்க, தண்ணீர் மட்டும் உடம்புச் சூட்டில் இருந்தது. பனி கோரையின் தலையில் இறங்கி உட்கார்ந்துவிட்டதால் கை நீட்டினால் கை தெரியவில்லை. அவன் கருவியின் கம்பை ஊன்றி நகர்த்துவான்; சரியான இடம் வந்ததும் அது பீப் என்று கூவும்; அவள் துணியின் நிறம் பார்த்துக் குச்சியை எடுத்து நடுவாள். நடும்போது தாயின் பெயரைச் சொல்வாள். இது முத்துமாரியோடது. இது ஜெயலட்சுமியோடது, பேரு வெக்கல, ஒம்பது நாள்தான். இது காமாக்ஷியோட ரெண்டாவது. இந்த இருட்டில் அவளுக்கு எப்படி நிறம் தெரிகிறது என்று அவன் கேட்கவில்லை.

பத்தாவது குச்சி நடும்போது அஞ்சு மணி ஆகிவிட்டது. சத்தம் தொடங்கியது.

ச்சப், ச்சப். முழங்காலுக்குப் பக்கத்தில். கோரைத் தண்டுகள் காற்றில்லாமல் அவன் பக்கம் சாய்ந்தன. ஏதோ மெத்தென்று கெண்டைக்காலில் பட்டது, வாய் வைத்துப் பார்த்தது, இல்லை என்று விலகியது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கருவியைப் பார்த்தான். பீப். குச்சி. பீப். குச்சி. ஒவ்வொன்றும் நட்டு முடிந்ததும் அந்த இடத்தில் சத்தம் நின்றது. பதினைந்து. இருபது. பவுனு பெயர் சொல்லிக்கொண்டே போனாள். இருபத்தாறு.

கடைசியாக ஒரே ஒரு வாய் மட்டும் சப்பிக்கொண்டிருந்தது. அவள் கையில் கத்தரிப்பூ நிறத் துணி கட்டின குச்சி இருந்தது. இதற்குப் பெயர் சொல்லவில்லை. குனிந்து, தண்ணீருக்குள் தோள் வரை கையை விட்டு அழுத்தி நட்டுவிட்டு, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். அவள் நிமிர்ந்தபோது பாத்தி அமைதியாகிவிட்டது. பாலத்து வண்டிகளின் இரைச்சல் திரும்பி வந்தது. தண்ணீர் சில்லென்று ஆகி, சாதாரணச் சேற்று வாசனை அடித்தது.

கரையேறினதுமே போன். மஹாலட்சுமிக்குப் பேச்சே வரவில்லை. சிரிப்பும் அழுகையுமாகக் கொட்டினாள். வந்துவிட்டது, பாப்பா இரண்டு பக்கமும் குடித்தான், ஏப்பம் விட்டான், இப்போதுதான் தூளியில் போட்டேன், தூங்குகிறான். ஜெயபால் பலகையில் தலை வைத்து வாய்விட்டு அழுதான். அப்பா முருகா என்றான். பவுனு அவன் முதுகைத் தொட்டு, வீட்டுக்குப் போங்க சார், தலைக்குக் குளிச்சிட்டுப் புள்ளையத் தூக்குங்க என்று சொன்னாள். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று பனிக்குள் போய்விட்டாள்.

அவன் செருப்பைத் தேடி மாட்டினான். கருவியைப் பெட்டியில் வைக்கவேண்டும். கரைமேல் சாய்த்துவிட்டு வந்திருந்தான்.

பீப்.

நின்றான். யாரும் அதைத் தொடவில்லை.

பீப்.

மேடைக்குக் கீழிருந்து வந்தது. கருவி அவன் சாய்த்த இடத்தில் இல்லை. கரை திரும்புகிற மூலையில், தண்ணீருக்குள், நேராக நின்றது. திரையின் வெளிச்சம் பனியில் பச்சையாகப் பரவியிருந்தது. புள்ளி இருபத்தெட்டு. தரையில் உள்ளது.

அதன் பக்கத்தில் ஒரு குச்சி.

பச்சையாக வெட்டின குச்சி. பட்டைகூடக் காயவில்லை. தலையில் துணி. அவன் போன் விளக்கைப் போட்டான். வெளிச்சம் முதலில் பனியில் சிதறியது. பிறகு துணிமேல் விழுந்தது.

பச்சைச் சுங்குடி. ஓரத்தில் கருகின முக்கோணம்.

வீட்டுக்குப் போட்டான். அவள் குசுகுசுவென்று பேசினாள், பாப்பா தூங்குகிறானாம்.

"மகா, தூளித் துணி ஓரத்தப் பாரு. இஸ்திரி பட்ட எடம்."

"இப்ப எதுக்குங்க அது?"

"பாரு."

அவள் நடக்கிற சத்தம். கொலுசு. தூளிக் கொக்கி கிறீச்சென்றது.

"கிழிஞ்சிருக்குங்க" என்றாள் ஆச்சரியமாக. "யாரோ ஓரத்த மட்டும் கிழிச்சி எடுத்த மாதிரி... இருங்க, தூளி என்ன இவ்ளோ லேசா..."

அதற்குமேல் அவள் பேசவில்லை. போன் அணையவும் இல்லை. கொக்கி மட்டும் கிறீச், கிறீச் என்று கேட்டது.

காற்று துளியும் இல்லை. கோரை அசையவில்லை. இருபத்தேழு குச்சிகளிலும் துணி அப்படியே தொங்கியது. இருபத்தெட்டாவதில் மட்டும் ஆடியது. போனில் கொக்கி கிறீச்சிட்டபோதெல்லாம், இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை. அடியில் தண்ணீர் மெல்ல வெளுத்தது. ஒரே ஒரு வாய், பசியாறுகிற சத்தம்.